பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை... ஆனால், பார்த்தது என்ன? செட்டிநாட்டு வானமும் பறக்கும் தட்டுகளும்!

கோடையில் கரன்ட் போய்விட்டால், காரைக்குடியில் பல குடும்பங்கள் பாயும் தலையணையுமாக மொட்டை மாடிக்கு வந்துவிடும். மழை குறைவான சீமை என்பதால், இங்கே வானம் பெரும்பாலான இரவுகளில் துடைத்துவைத்த தாம்பாளம்போலத்தான் இருக்கும்.

அப்படிப் படுத்துக்கிடக்கும்போது, இருபது முப்பது வெளிச்சப் புள்ளிகள் ரயில் பெட்டிகள்போல ஒரே வரிசையில் நகர்ந்து வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். சத்தம் இல்லை. சிமிட்டல் இல்லை. பாதி வானம் தாண்டியதும் ஒவ்வொன்றாக அணைந்துபோகின்றன. அடுத்த ஐந்தாவது நிமிடம், 'ஏலியன் வந்தாச்சு' என்ற தலைப்போடு அந்த வீடியோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும். பத்தாவது நிமிடம், 'எல்லாம் கட்டுக்கதை' என்று ஒரு பெரியப்பா பதில் போட்டிருப்பார்.

இரண்டு பேருமே கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். 'வானத்தில் ஏதோ பார்த்தேன்' என்று சொன்னவர்களை அறிவியல் உலகம் எப்படி நடத்தியது, எங்கே அவர்களிடம் தோற்றது, எங்கே அவர்களைத் திருத்தியது என்பது சுவாரஸ்யமான கதை. அந்தக் கதையில் செட்டிநாட்டுக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் இடம் உண்டு.

கணியன் பிறந்த மண்

சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கத்தில் இருக்கிறது மகிபாலன்பட்டி. சங்க காலத்துப் பூங்குன்றம் இந்த ஊர்தான் என்பது அறிஞர்கள் கருத்து. எல்லா ஊரையும் தன் ஊராக, எல்லோரையும் உறவாகப் பார்த்த கணியன் பூங்குன்றனாரின் ஊர். அவர் பாட்டு நம் எல்லோருக்கும் தெரியும். அவர் பெயரை அவ்வளவாக யோசிப்பதில்லை. 'கணியன்' என்றால், கோள்களின் போக்கையும் காலத்தையும் கணிப்பவர். வானத்தைப் பார்ப்பதே தொழில்.

இன்னொரு பக்கம், காரைக்குடிக்குக் கிழக்கே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகரோடு சேர்த்துப் பேசப்படும் தலம். அவரது திருவாசகத்தில் 'திருவண்டப்பகுதி' ஓர் அபூர்வமான காட்சியோடு தொடங்குகிறது. அண்டங்கள் நூறு கோடிக்கும் மேலாக விரிந்துகிடப்பதைச் சொல்லி, வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசிகளோடு அவற்றை ஒப்பிடுகிறார். செட்டிநாட்டு வீட்டின் வளவில், காலை வெயில் சாய்ந்து இறங்கும்போது ஒருமுறை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்த உவமை உடனே புரியும்.

இவை பக்தியும் கவிதையும். விஞ்ஞானம் என்று இவற்றுக்குப் பட்டம் கட்டத் தேவையில்லை. ஆனால், 'நம்முடையது மட்டும்தான் உலகமா?' என்ற கேள்வி இந்த மண்ணுக்கு அந்நியமானதல்ல என்பதற்கு இவை போதும்.

1857: வானத்திலிருந்து வந்த விருந்தாளி

1857-ம் ஆண்டு பிப்ரவரி 28. நண்பகல் வேளை. வட இந்தியாவில் சிப்பாய்கள் எழுச்சி வெடிக்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அன்றைய மதுரை ஜில்லாவின் தெற்குக் கரிசல் பகுதியில், வானத்திலிருந்து இரண்டு கற்கள் விழுந்தன.

விண்கல் பதிவேடுகளில் இது 'பார்னல்லி' என்ற ஊர்ப்பெயரோடு இருக்கிறது. அதில் தரப்பட்டுள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், ராமநாதபுரம் மாவட்டம் பெருநாழி வட்டாரத்தைக் காட்டுகிறது. காரைக்குடியிலிருந்து நேர்கோட்டில் தெற்கே சுமார் 100 கி.மீ. அந்தக் காலத்தில் செட்டிநாடும் மதுரை ஜில்லாவில்தான் இருந்தது. ராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910-ல்; அதிலிருந்து சிவகங்கை பிரிந்தது 1980-களில்.

பதிவான மொத்த எடை 77.6 கிலோ. ஏறக்குறைய ஒரு மூட்டை நெல். இன்று அதன் பெரும்பகுதி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறு சிறு துண்டுகள் உலகின் பல ஆய்வுக்கூடங்களுக்குப் போயிருக்கின்றன.

அந்தக் கல்லை வெட்டிப் பார்த்தால் உள்ளே கடுகும் கேழ்வரகும் கொட்டி உறையவைத்ததுபோல சின்னச் சின்ன உருண்டைகள். சூரியக் குடும்பம் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, விண்வெளியில் உருகி உறைந்த துளிகள் அவை. இந்த வகைக் கற்களை 'எல்.எல். காண்ட்ரைட்' என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஜப்பானின் ஹயபுசா விண்கலம் இட்டோகாவா என்ற குறுங்கோளிலிருந்து 2010-ல் தூசி அள்ளிவந்ததே... அந்தத் தூசியும் இதே எல்.எல். குடும்பம்தான். ஜப்பான் விண்கலம் அனுப்பி எடுத்துவந்த சரக்கின் பங்காளி, 153 ஆண்டுகளுக்கு முன்பே நம் கரிசல் காட்டில் தானாக வந்து இறங்கிவிட்டது!

நாட்டுப்புறத்தார் சொன்னது சரி, மேதைகள் சொன்னது தப்பு

பெருநாழிக் கல் விழுவதற்கு ஓர் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு அது விழுந்திருந்தால், ஐரோப்பிய அறிஞர்களில் பலர் நம்பியிருக்கவே மாட்டார்கள். 18-ம் நூற்றாண்டு முடியும்வரை, வானத்திலிருந்து கல் விழுந்தது என்று விவசாயிகள் சொன்னால், 'இடி விழுந்த பாறையைப் பார்த்துவிட்டு உளறுகிறார்கள்' என்று கைகழுவிவிடுவதே வழக்கம். 1794-ல் எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர், இந்தக் கற்கள் பூமிக்கு வெளியே இருந்துதான் வருகின்றன என்று புத்தகம் எழுதினார். அவரைப் பலர் ஏளனம் செய்தார்கள்.

1803 ஏப்ரல் 26 அன்று, பிரான்ஸின் லேகிள் என்ற ஊரில் பகலில் ஆயிரக்கணக்கான கற்கள் கொட்டின. அரசு, ஜான் பாப்டிஸ்ட் பியோ என்ற இளம் விஞ்ஞானியை அனுப்பியது. அவர் பாரிஸில் உட்கார்ந்து அறிக்கை எழுதவில்லை. ஊர் ஊராகப் போனார். பார்த்தவர்களைத் தனித்தனியாக விசாரித்தார். கற்கள் விழுந்த இடங்களை வரைபடத்தில் குறித்தார். அந்தப் பகுதியின் பாறைகளோடு கற்களை ஒப்பிட்டார். கிராமத்து ஜனங்கள் சொன்னது உண்மை என்று முடிவானது.

'பார்த்தேன்' என்று சொல்பவரைக் கேலி செய்வது அறிவியல் ஆகாது என்பதை இந்த வழக்கு நிரூபித்தது. கூடவே, வெறுமனே அவரை நம்பிவிடுவதும் அறிவியல் ஆகாது என்பதையும். பியோவுக்குக் கையில் கல் கிடைத்தது. எடை போடலாம், உடைத்துப் பார்க்கலாம், வேறொருவரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லலாம்.

அடுத்த நூற்றாண்டில் வந்த பரபரப்பில் இல்லாமல்போனது அந்தக் கல்தான்.

1947: ஒரு 'தட்டு' பிறந்த கதை

1947 ஜூன் 24. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில், மவுன்ட் ரெய்னியர் மலைக்கு அருகே சின்ன விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார் தொழிலதிபர் கென்னத் அர்னால்டு. மின்னும் ஒன்பது பொருள்கள் அசாத்திய வேகத்தில் வரிசையாகப் பறந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்.

அவை எப்படிப் பறந்தன என்று நிருபர்கள் கேட்டார்கள். தண்ணீரின்மேல் சாஸரை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்றார். ஊருணியில் ஓட்டாஞ்சில்லு எறிந்து விளையாடியவர்களுக்கு அவர் சொன்னது பிடிபடும். அவர் சொன்னது பறந்த விதத்தை. பத்திரிகைகள் அதையே வடிவமாக்கி 'ஃப்ளையிங் சாஸர்' என்று எழுதின. தமிழுக்கு அது 'பறக்கும் தட்டு' என்று வந்தது. அதன் பிறகு உலகமெங்கும் ஆள் ஆளுக்கு வட்டத் தட்டுகளாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்!

அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் இடையே பனிப்போர் தொடங்கிய நேரம் அது. வானத்தில் தெரிவது எதிரியின் புது ஆயுதமோ என்ற பயம் அமெரிக்க ராணுவத்துக்கு. எனவே, விமானப்படை விசாரணை ஆரம்பித்தது. 1952 முதல் 'புராஜெக்ட் ப்ளூ புக்' என்ற பெயரில் நடந்த அந்த விசாரணை 1969-ல் மூடப்பட்டது. மொத்தம் 12,618 புகார்கள். பெரும்பாலானவை நட்சத்திரம், கோள், விமானம், பலூன், மேகம், சில மோசடிகள். 701 சம்பவங்களுக்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை.

பறக்கும் தட்டு ஆர்வலர்கள் இந்த 701-ஐத்தான் பிடித்துக்கொள்வார்கள். விளக்கம் கிடைக்கவில்லை என்றால், விளக்கம் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் பொருள். பீரோ சாவியைக் காணோம் என்பதாலேயே திருடன் வந்தான் என்று ஆகிவிடாது இல்லையா?

இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருந்து தப்பவில்லை. 1951 மார்ச் 15 அன்று டெல்லியில் விமானப் பயிற்சி கிளப்பைச் சேர்ந்த 25 பேர், சுருட்டு வடிவத்தில் உலோகம்போல மின்னிய ஒரு பொருளைப் பார்த்ததாகச் சொன்ன தகவல், பின்னாளில் வெளியான அமெரிக்க உளவுத்துறை ஆவணங்களில் இடம்பெற்றது. பார்த்தவர்கள் விமானம் அறியாதவர்கள் இல்லை. ஆனால் எடை போட, உடைத்துப் பார்க்க எதுவும் கையில் மிஞ்சவில்லை. அதனால் கதை அங்கேயே நின்றுவிட்டது.

எம்.ஜி.ஆர் போன வேற்றுக்கிரகம்

தமிழ் வாசகர்கள் இந்தப் பரபரப்புக்கு வெளியே இல்லை. தேவகோட்டையில் பிறந்து, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தமிழ்நாட்டுக்கே அறிமுகமான தமிழ்வாணனின் 'கல்கண்டு', உலகத்து ஆச்சர்யங்களையெல்லாம் துணுக்குகளாக வீடுதோறும் கொண்டுசேர்த்த காலம் அது. பொது அறிவு என்பது பரீட்சைக்கு மட்டுமல்ல, படித்து ரசிக்கவும்தான் என்று ஒரு தலைமுறையைப் பழக்கியதில் செட்டிநாட்டுக்காரரான அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1963-ல் சினிமாவும் சேர்ந்துகொண்டது. ஏ.காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆர், பானுமதி நடித்த 'கலை அரசி' வெளியானது. கதை என்ன தெரியுமா? வேற்றுக்கிரகம் ஒன்றில் விஞ்ஞானம் கொழிக்கிறது, கலை இல்லை. அங்கிருந்து பறக்கும் தட்டில் வருபவர்கள், பாட்டுச் சொல்லித்தர பூமியிலிருந்து கதாநாயகியைக் கடத்திப் போகிறார்கள். எம்.ஜி.ஆர் அங்கே போய் மீட்டுவருகிறார். அமெரிக்கப் படங்களில் வேற்றுக்கிரகவாசிகள் நகரங்களைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது, நம் ஊர்ப் படத்துக்கு வந்தவர்களுக்குப் பாட்டு வாத்தியார் தேவைப்பட்டார்!

சென்னையில் தத்துவம் படித்தவர்

தட்டுகளைத் தேடிய கூட்டம் ஒருபக்கம் இருக்க, 'வேறு இடத்தில் உயிர் இருக்க முடியுமா?' என்ற கேள்வியை ஆய்வுக்கூட மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் சிலர். அவர்களில் முக்கியமானவர், நம் சென்னையில் படித்தவர்.

சிரில் பொன்னம்பெருமா. 1923-ல் இலங்கையின் காலி நகரில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948-ல் தத்துவத்தில் பி.ஏ பட்டம் பெற்றார். 'உயிர் எங்கிருந்து வந்தது?' என்பது தத்துவ வகுப்பின் பழைய கேள்வி. அதற்கு வேதியியலில் பதில் தேடலாம் என்று லண்டன் போனார். அங்கே ஜே.டி.பெர்னல், பிறகு அமெரிக்காவின் பெர்க்லியில் மெல்வின் கால்வின் என்று பெரிய ஆசான்களிடம் கற்று, 1962-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அடுத்த ஆண்டே நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் சேர்ந்தார்.

பூமி பிறந்த புதிதில் இருந்த சூழலை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கி, அதில் உயிருக்குத் தேவையான வேதிப்பொருள்கள் தாமாகவே உண்டாகுமா என்று பார்ப்பது அவர் வேலை. நம் உடலின் ஒவ்வொரு செல்லும் சக்தியைச் செலவழிக்கப் பயன்படுத்தும் ஏ.டி.பி என்ற மூலக்கூறை அப்படி உருவாக்க முடியும் என்று 1963-ல் அவரது குழு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது. அதில் உடன் எழுதியவர்களில் ஒருவர் கார்ல் சேகன். பின்னாளில் 'காஸ்மோஸ்' தொலைக்காட்சித் தொடருக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்து, நம் பொங்கல் விழாவை உலகத்துக்குக் காட்டினாரே, அதே சேகன்தான்.

1969 செப்டம்பர் 28. ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் 100 கிலோவுக்கும் அதிகமான விண்கற்கள் விழுந்தன. பொறுக்கி எடுத்தபோது ஸ்பிரிட் வாசனை அடித்தது. கார்பன் நிறைந்த, அபூர்வமான வகை. அதை ஆராய்ந்த குழுவில் பொன்னம்பெருமா இருந்தார். 1970 டிசம்பரில் வெளியான முடிவு உலகைத் திரும்பிப் பார்க்கவைத்தது. கல்லுக்குள் அமினோ அமிலங்கள். அதாவது, புரதங்களைக் கட்டும் செங்கற்கள்.

சந்தேகம் உடனே வந்தது. கல்லை எடுத்தவர் விரல்பட்டாலே அமினோ அமிலம் ஒட்டிக்கொள்ளும். அது விண்வெளிச் சரக்கு என்று எப்படி நம்புவது?

பதில் அழகானது. நம் வலது கையும் இடது கையும் கண்ணாடிப் பிம்பங்கள்போல இருக்கின்றன. ஆனால் வலது கைச் சட்டைக்கை இடது கைக்குப் பொருந்தாது. அமினோ அமிலங்களிலும் இப்படி 'வலது', 'இடது' உண்டு. பூமியில் உயிர்களின் புரதங்கள் 'இடது' வகையில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. கைரேகையால் ஒட்டியது என்றால், பெரும்பாலும் இடதாகவே இருந்திருக்க வேண்டும். மர்ச்சிசன் கல்லில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. போதாததற்கு, நம் புரதங்களில் இல்லாத அமினோ அமிலங்களும் இருந்தன. அவை இங்கே ஒட்டியவை அல்ல. வரும்போதே கொண்டுவந்தவை.

அங்கே உயிர் இருந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. உயிருக்கான கச்சாப்பொருள் விண்வெளியில் சாதாரணமாகவே உண்டாகிறது என்று மட்டும்தான் பொருள். பொன்னம்பெருமாவும் அதற்கு மேல் சொல்லவில்லை. அப்போலோ விண்வெளி வீரர்கள் கொண்டுவந்த நிலவு மண்ணிலும் அவர் தேடினார். அங்கே உயிர் இல்லை என்பதே முடிவு; அதையும் அப்படியே சொன்னார். 1994-ல் அவர் மறைந்தார்.

கேட்க முடியுமா என்று பார்த்தவர்கள்

இன்னொரு கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. வேற்றுலகில் அறிவுள்ளவர்கள் இருந்தால் வானொலி அலைகளில் பேசலாமே? 1959-ல் கோக்கோனி, மோரிசன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், எந்த அலைவரிசையில் கேட்க வேண்டும் என்று யோசனை சொன்னார்கள். 1,420 மெகாஹெர்ட்ஸ். பிரபஞ்சத்தில் அதிகம் இருக்கும் ஹைட்ரஜன் இயல்பாக வெளியிடும் அலை அது. யாராக இருந்தாலும் அது தெரிந்திருக்கும் என்பது கணக்கு.

1960-ல் ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவில் இரண்டு நட்சத்திரங்களைக் குறிவைத்துக் கேட்டார். ஆரம்பத்திலேயே ஒரு சிக்னல் கிடைத்தது! குழு ஆடிப்போனது. ஆனால் டிரேக் நிருபர்களைக் கூப்பிடவில்லை. தொலைநோக்கியை வேறு பக்கம் திருப்பினார், காத்திருந்தார், திரும்பத் திரும்பச் சோதித்தார். கடைசியில் அது பூமியிலிருந்தே வந்த சிக்னல் என்று தெரிந்தது.

தமிழ்நாட்டிலும் வானத்துக்கு ஒரு பெரிய காது இருக்கிறது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி 1970-ல் செயல்பாட்டுக்கு வந்தது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் இந்தியர்களே வடிவமைத்துக் கட்டியது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. மலைச்சரிவும் அதே சாய்வில் இருக்கும்படி இடம் தேடிப் பிடித்தார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே ஒரு திருப்பத்தில் வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். தொலைதூர அண்டங்களை ஆராயக் கட்டிய கருவி இது. ஏலியன் தேட அல்ல.

அதே ஸ்வரூப் புனே அருகே உருவாக்கிய ஜி.எம்.ஆர்.டி தொலைநோக்கிக் கூட்டம், 2023 ஜனவரியில் செய்தியானது. சுமார் 880 கோடி ஒளியாண்டு பயணித்து வந்த ஹைட்ரஜன் அலையை அது பிடித்திருந்தது. மகத்தான சாதனை. சமூக வலைதளங்களில் அது 'ஏலியன் சிக்னல்' என்று சுற்றியது. அனுப்பியது யாரும் இல்லை, ஓர் அண்டத்தின் வாயு என்பது பலருக்குப் போய்ச் சேரவில்லை.

பக்கத்து மாநிலத்தில் பெய்த சிவப்பு

2001 ஜூலையில் கேரளாவின் கோட்டயம் பகுதியில் சிவப்பு மழை பெய்தது. வெளியே காயப்போட்ட வேட்டி சிவப்பானால் யாருக்குத்தான் பகீர் என்று இருக்காது? அந்தத் துகள்கள் விண்வெளியிலிருந்து வந்த உயிரணுக்களாக இருக்கலாம் என்று கோட்ஃப்ரே லூயிஸ், சந்தோஷ்குமார் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். உலகச் செய்தியானது. ஆனால், அந்தத் துகள்களை வளர்த்துப் பார்த்த கேரள ஆய்வு நிறுவனங்கள், அவை மரங்களிலும் பாறைகளிலும் படரும் ட்ரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகள் என்று 2001-லேயே அறிக்கை தந்திருந்தன.

இஸ்ரோவும் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கிறது. 2005 ஏப்ரலில் ஹைதராபாத்திலிருந்து ராட்சத பலூன் அனுப்பி, 41 கி.மீ உயரம்வரை காற்றைச் சேகரித்தார்கள். விமானங்கள் பறக்கும் உயரத்தைப் போல நான்கு மடங்கு. 12 வகை பாக்டீரியா, 6 வகை பூஞ்சை கிடைத்தன. அவற்றில் மூன்று பாக்டீரியாக்கள் புதியவை. ஒன்றுக்கு வானியலாளர் ஃப்ரெட் ஹாயில் பெயர், ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயர், இன்னொன்றுக்கு ஆர்யபட்டா பெயர். 2009-ல் முடிவை அறிவித்தபோது, இவை பூமிக்கு வெளியே இருந்து வந்தவை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் இஸ்ரோ சேர்த்தே சொன்னது. அந்த ஒரு வரிக்காகவே அந்த அறிக்கையைப் பாராட்டலாம்.

ராணுவ வீரர்கள் எண்ணிய 329 வெளிச்சங்கள்

லடாக். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரிவரை, சீன எல்லையில் இருந்த நம் வீரர்கள் வானத்தில் மர்ம வெளிச்சங்களை 329 முறை பதிவு செய்தார்கள். மாலையில் ஒன்று, விடியற்காலையில் ஒன்று. சீனாவின் உளவு டிரோன்கள் எல்லை தாண்டுகின்றனவா? விளையாட்டு விஷயமில்லை. தவறாக முடிவெடுத்தால் துப்பாக்கி பேசிவிடும் இடம் அது.

பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தை ராணுவம் அணுகியது. 18-ம் நூற்றாண்டில் சென்னையில் தொடங்கி, கொடைக்கானலில் வளர்ந்த பழைய மெட்ராஸ் வானாய்வகத்தின் இன்றைய வாரிசுதான் இந்த நிறுவனம். வெளிச்சம் தெரியும் நேரம், திசை, நட்சத்திரங்களோடு சேர்ந்து அது நகர்கிறதா என்பதைக் குறிக்கச் சொன்னார்கள். கணக்குப் போட்டார்கள். விடை வந்தது. ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி.

காற்று மெல்லிசான, தூசியே இல்லாத லடாக் உயரத்தில் அந்தக் கோள்கள் நம் ஊரில் தெரிவதைவிடப் பளிச்சென்று தெரியும். வீரர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணும் கெட்டுப்போகவில்லை. பார்த்தது உண்மை. என்ன என்பதில்தான் பிசகு. அவர்கள் நேரத்தையும் திசையையும் ஒழுங்காகக் குறித்திருந்ததால்தான் விடையும் கிடைத்தது.

உங்கள் மொட்டை மாடியில் தெரிந்தால்?

* முதலில் நேரம், திசை இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோவைவிட இது முக்கியம்.

* கைப்பிடிச் சுவரையோ தென்னை மரத்தையோ அடையாளமாக வைத்து, அது நகர்கிறதா என்று பாருங்கள். வெள்ளிக் கோள் மேகங்களுக்கு நடுவே ஓடுவதுபோலத் தெரியும். உண்மையில் ஓடுவது மேகம்.

* சிவப்பு, பச்சை விளக்கு சிமிட்டினால் விமானம் அல்லது டிரோன்.

* போனில் ஜூம் செய்து எடுத்த வீடியோவில் வட்டத் தட்டு தெரிந்தால் பதறாதீர்கள். ஃபோகஸ் ஆகாத எந்த வெளிச்சப் புள்ளியும் கேமராவில் வட்டமாகத்தான் விரியும்.

* வானத்திலிருந்து கல் விழுந்ததாகத் தெரிந்தால், கழுவாதீர்கள், காந்தம் வைத்துச் சோதிக்காதீர்கள், வெறும் கையால் எடுக்காதீர்கள். அலுமினியத் தாளில் சுற்றி, வருவாய்த் துறைக்குத் தகவல் கொடுங்கள். இந்தியாவில் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துடையது.

அப்படியானால், காரைக்குடி மாடியில் வரிசையாகப் போனதே, அது? ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். இணைய வசதிக்காக 2019 முதல் கொத்துக்கொத்தாக ஏவப்படுகின்றன. ஏவிய சில நாள்களுக்கு ஒரே வரிசையில் போகும். சொந்த விளக்கு கிடையாது. நமக்கு இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் இருப்பதால் மின்னுகின்றன. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். பாதி வானத்தில் மாயமாக மறைந்ததற்குக் காரணம் அதுதான்.

'ஏலியன்' என்று போட்டவருக்கும் 'கட்டுக்கதை' என்று போட்டவருக்கும் விடை இதுதான். ஆனால், பெரிய கேள்வி அப்படியேதான் இருக்கிறது. 2025 ஏப்ரலில், கேம்பிரிட்ஜில் பணிபுரியும் இந்திய வம்சாவளி விஞ்ஞானி நிக்கு மதுசூதன், 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி என்ற கோளில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் வெளியிடும் ஒரு வேதிப்பொருளின் தடயம் தெரிவதாக அறிவித்தார். இன்னும் சோதிக்க வேண்டும் என்று அவரே சொன்னார். வேறு குழுக்கள் அதே தரவுகளை எடுத்து மறுகணக்குப் போட்டு, சந்தேகத்தையும் கிளப்பியிருக்கின்றன. பியோ, டிரேக், பொன்னம்பெருமா போன அதே பாதை.

அடுத்த முறை கரன்ட் போகும்போது, போனை எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் மேலே பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம், 'அது எந்தப் பக்கமிருந்து வந்தது, மணி எத்தனை?' என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதவையுங்கள். மகிபாலன்பட்டிக்காரர் பெயரில் இருக்கும் வேலை அதுதான்.